தாத்தாவின் பட்டாளப் படம்: முதலில் காப்பாற்ற வேண்டியது எது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வேலூர்ப் பக்கத்தில் உள்ள பாட்டி வீட்டை இடித்துக் கட்டப் போகிறீர்கள். பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில், இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தில் இருந்த உங்கள் தாத்தாவின் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. அவரும் இன்னொரு சிப்பாயும் தோளில் கைபோட்டு நிற்கும் சிறிய ஸ்டுடியோ படம், கண்ணாடியோடு ஒட்டிப்போன சட்டமிட்ட படம், 40 பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குழுப் படம், நாடா நைந்த மூன்று பதக்கங்கள், பட்டாளத்திலிருந்து விலகியபோது கொடுக்கப்பட்ட, மடிப்பில் பிளந்த டிஸ்சார்ஜ் சான்றிதழ், பத்துப் பன்னிரண்டு கடிதங்கள். தாத்தாவும் பாட்டியும் இன்று இல்லை. பாட்டியின் தங்கை மட்டும் 94 வயதில் ஆரணியில் மகன் வீட்டில் இருக்கிறார். படங்களை லேமினேட் செய்து, வண்ணம் ஏற்றி, பெரிதாக்கிப் புதுமனைப் புகுவிழாவுக்குள் கூடத்தில் மாட்டலாமா, பதக்கங்களுக்குப் பாலிஷ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லேமினேஷன் வேண்டாம், பாலிஷ் வேண்டாம், வண்ணமும் வேண்டாம். காரணங்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆரணிக்குப் போய் உங்கள் சின்னப் பாட்டியைப் பாருங்கள். எண்பது ஆண்டுகள் பரணில் கிடந்து தாக்குப்பிடித்த காகிதம் இன்னும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். 94 வயதானவரின் நினைவுக்கு அந்த உறுதியை யாராலும் தர முடியாது. பழைய படங்கள் விஷயத்தில் நான் கண்ட உண்மை இதுதான்: படம் மங்குவதற்கு வெகு காலம் முன்பே படத்தில் இருப்பவரின் பெயர் மறைந்துவிடுகிறது. பெயர் போன பிறகு, எவ்வளவு அருமையாகப் பாதுகாத்தாலும் மிஞ்சுவது யாரோ ஒரு சிப்பாயின் படம்தான்.

இதை நான் என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். என் அப்பாவின் பெரியப்பா பாலைவனத்தில் கூடாரத்தின் முன் ஒன்பது பேரோடு நிற்கும் படம் எங்களிடம் உண்டு. அமிலமில்லாத காகிதம் வாங்குவதற்கும், நல்ல பெட்டி செய்வதற்கும், ஸ்கேன் எடுப்பதற்கும் இரண்டு ஆண்டுகள் செலவிட்டேன். அந்த ஒன்பது பேரில் நான்கைந்து பேரையாவது பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர் என் அத்தை. அடுத்த பொங்கலுக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்தப் பொங்கல் வரை அத்தை இருக்கவில்லை. படம் இன்று எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது, ஒன்பது முகங்களுக்கும் பெயர் இல்லை.

எப்படிக் கேட்பது என்பதில் கொஞ்சம் பக்குவம் வேண்டும். "தாத்தா போருக்குப் போன கதையைச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால், "போனாரு, வந்தாரு, அவ்வளவுதான்" என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். குழுப் படத்தை மொபைலில் படமெடுத்து, பெரிய தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போட்டு, பெயர் வர வர எண்ணுக்கு எதிரே எழுதிக்கொள்ளுங்கள். மூலப் படத்தைக் கையில் கொடுக்காதீர்கள், ஆனால் பக்கத்தில் வைத்திருங்கள். பழைய அட்டையையும் அதன் வாசனையையும் கண்டதும் வருகிற நினைவு, அச்சிட்ட தாளைப் பார்த்து வராது.

பிறகு வீட்டுப் பக்கத்திலிருந்து கேளுங்கள். மணியார்டர் எந்தத் தேதியில் வரும், தபால்காரர் யார், கடிதத்தை யார் படித்துக் காட்டுவார், பதில் எழுதிக் கொடுத்தது யார், திரும்பி வந்தபோது என்னென்ன கொண்டுவந்தார், அந்தக் கம்பளி கடைசியில் என்ன ஆயிற்று, வந்த பிறகு எந்தச் சாப்பாட்டைத் தொட மாட்டார், தூக்கத்தில் என்ன பேசுவார். உங்கள் சின்னப் பாட்டி அப்போது பாவாடை கட்டிய சிறுமி. அக்காவின் கணவரைப் பற்றிய செய்தியெல்லாம் அவர் காதில் விழுந்தது திண்ணையிலும் அடுப்படியிலும்தான். எனவே சண்டை நடந்த இடம் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மூன்று மாதம் மணியார்டர் வராமல் நின்ற காலத்தில் வீட்டில் எதை விற்றார்கள் என்பது தெரிந்திருக்கும். அதுவும் போரின் வரலாறுதான், அரசாங்கக் கோப்பு எதிலும் இல்லாத பகுதி.

மொபைலை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், அவருக்குத் தாத்தா என்ன உறவு ஆகிய நான்கையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரலுக்குள் அந்த விவரம் இருக்கும். அவர் பேச்சை நிறுத்தி அமைதியாக இருந்தால் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். பல நேரம் அந்த அமைதிக்குப் பிறகுதான் பெயர் வருகிறது. அவர் ஒன்றைச் சொல்ல விரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தாத்தா சிறைப்பட்டிருக்கலாம், மலாயாவில் பிடிபட்டு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருக்கலாம், அல்லது சொல்லாமல் ஓடிவந்திருக்கலாம். இவற்றை அக்காலக் குடும்பங்கள் மறைத்தே வைத்தன, அப்படி மறைத்தவர்களுக்கு அதற்கான நியாயமும் இருந்தது. எதை எல்லோருக்கும் சொல்லலாம், எதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரிடமே கேட்டு அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி படங்களுக்கு வருகிறேன். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள், எனவே அதை முதலில் சொல்கிறேன். அக்காலக் கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்கிற மெல்லிய படலம். விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஒருவகைப் பசை அது. அதற்குள் நுண்ணிய வெள்ளித் துகள்கள் பதிந்திருக்கின்றன, நாம் காணும் கறுப்பு அந்த வெள்ளிதான். ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊதி இளகும், மறுபடி காயும்போது தொட்டுக்கொண்டிருக்கும் எதனோடும் பிடித்துக்கொள்ளும். சட்டத்தில் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடாமல் மாட்டியிருந்தால், இரண்டு மழைக்காலமே போதும். உரித்துப் பார்த்தால் காகிதம் கையோடு வரும், முகம் கண்ணாடியோடு நின்றுவிடும். வெந்நீர், ஹேர் டிரையர், கத்தி எதுவும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே அதை ஒரே பொருளாகக் கருதுங்கள்.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. மறைந்தவர் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம், மாலை போடுவோம், முன்னால் விளக்கேற்றுவோம். நீங்கள் விவரித்த படத்திலும் கண்ணாடியின் மேல் நெற்றிக்கு நேராகக் காய்ந்த குங்குமப் பொட்டு இருப்பதாகச் சொன்னீர்கள். அதைத் துடைப்பதற்கு முன் அப்படியே ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் திதி நாளில் உங்கள் பாட்டி விரலால் வைத்த பொட்டு அது, அதுவும் அந்தப் படத்தின் வரலாற்றில் சேர்ந்தது. பிறகு மென்மையான பருத்தித் துணியில் ஒரு துளி நீரைத் தொட்டுக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். நீரைக் கண்ணாடி மேல் நேராகத் தெளித்தால் சட்டத்தின் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். சன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துக்கொண்டு எடுத்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாது. சட்டத்தின் முதுகில் ஆணி துருப்பிடித்து மரப்பலகை உளுத்திருந்தால், ஆணியை மெதுவாக எடுத்துப் பலகையை மட்டும் மாற்றலாம். அப்போது படத்தின் பின்புறத்தைத் தவறாமல் பாருங்கள், ஸ்டுடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கக்கூடும். கூடத்தில் மாட்ட இந்தப் புகைப்படத்தின் பிரதியைப் பயன்படுத்துங்கள். பூசை, மாலை, பொட்டு எல்லாவற்றையும் பிரதி ஏற்றுக்கொள்ளட்டும், மூலப் படம் பெட்டிக்குப் போகட்டும்.

லேமினேஷனை நான் ஏன் இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறேன் என்றால், அதிலிருந்து படத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கும் பசையும் ஜெலட்டினோடு ஒன்றாகிவிடுகின்றன. சில ஆண்டுகளில் ஓரத்தில் காற்றுக் குமிழ் விழும், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற முடியாமல் மஞ்சள் படரும். எங்கள் உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தில் தம் அப்பாவின் படத்தைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்தார். கடைக்காரர் இயந்திரத்துக்குள் விடுவதற்காகப் படத்தின் அட்டை விளிம்பை வெட்டியிருக்கிறார். ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சிட்டிருந்தது அந்த விளிம்பில்தான். செல்லோடேப்பும் இதே வகைக் கேடு. சான்றிதழின் மடிப்பை ஒட்டியே ஆக வேண்டும் என்று தோன்றும், ஆனால் டேப்பின் பசை பத்தாண்டுகளில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கி எழுத்தை விழுங்கிவிடும். பிளந்த துண்டுகளை ஒட்டாமல், உள்ளபடியே அருகருகே வைத்துத் தெளிவான பாலியெஸ்டர் உறையில் போட்டால் போதும்.

வண்ணம் ஏற்றுவது பற்றி. செயலியில் ஒரு பொத்தானைத் தட்டினால் தாத்தா வண்ணத்தில் சிரிக்கிறார், வீட்டில் எல்லோரும் கண் கலங்குகிறார்கள், அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆனால் மங்கிய முகத்தை அந்தச் செயலி மீட்டெடுப்பதில்லை, வேறு பல்லாயிரம் முகங்களைப் பார்த்துக் கற்றதைக் கொண்டு ஒரு முகத்தை ஊகித்து வரைகிறது. மூக்கும் புருவமும் மெல்ல மாறிவிடும், பேரப்பிள்ளைகள் அந்த மாறிய முகத்தையே தாத்தா என்று நினைவில் கொள்வார்கள். மார்பில் உள்ள நாடாக்களின் நிறத்தையும் அது மனம்போன போக்கில் போட்டுவிடும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அக்கால ஸ்டுடியோக்களில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, எனவே சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும். கண்ணால் பார்த்து ஊகிப்பவரே ஏமாந்துபோவார் என்றால், இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆசைக்கு ஒரு வண்ணப் பிரதி வைத்துக்கொள்வதாக இருந்தால், அதன் கோப்புப் பெயரிலேயே "வண்ணம் பின்னால் ஏற்றியது" என்று எழுதிவிடுங்கள்.

பதக்கங்களை நீங்கள் விவரித்த விதத்திலிருந்து இரண்டை என்னால் சொல்ல முடிகிறது. ஆறு முனை கொண்ட வெண்கல நிற நட்சத்திரம், நாடாவில் நடுவே அகலச் சிவப்பும் இருபுறமும் கருநீலமும் நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடும் என்றால் அது பர்மா ஸ்டார். வட்டமாக வெள்ளி நிறத்தில், சிங்கம் ஒன்று இரட்டைத் தலைப் பாம்பு போன்ற டிராகனை மிதித்து நிற்பது 1939-45 போர்ப் பதக்கம். மூன்றாவதன் பின்புறத்தில் இந்திய வரைபடம் இருந்தால் அது இந்திய சேவைப் பதக்கம். இதே நட்சத்திர வடிவில் நாடாவும் நடுவில் பொறித்த பெயரும் மாறி ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் முதலியனவும் உண்டு. எனவே அண்ணன் தம்பி வீட்டில் இருப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது நாடாவைக் கழற்றி மாற்றிவிடாதீர்கள். நட்சத்திரத்தின் பின்புறத்திலும் வட்டப் பதக்கத்தின் விளிம்பிலும் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. பாலிஷ் வேண்டாம் என்பது அதனால்தான். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பதக்கங்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தெல்லாம் தேய்ந்து, யாருடையது என்றே தெரியாமல் போயிருந்தன. உலர்ந்த மென்துணியால் தூசி துடைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து எழுத்தைப் படமெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும்.

குழுப் படத்தில் தோள்பட்டையை உருப்பெருக்கியால் பாருங்கள். பல டிவிஷன்களுக்கு, அதாவது பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைப் பிரிவுகளுக்கு, ஒரு துணிச் சின்னம் உண்டு. நான்காவது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, ஐந்தாவதற்குச் சிவப்பு வட்டம், ஏழாவதற்குத் தங்க அம்பு, பதினேழாவதற்குக் கறுப்புப் பூனை, பத்தொன்பதாவதற்குக் குத்துவாள். பர்மா ஸ்டார் பெற்றவர் தோளில் பூனையோ அம்போ தெரிந்தால், அவர் எந்த வழியாக நடந்தார் என்பதை அந்த டிவிஷனின் வரலாற்றைக் கொண்டே மாதவாரியாகச் சொல்லிவிடலாம்.

அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் மதிப்பாகத் தோன்றுவது டிஸ்சார்ஜ் சான்றிதழ். அதில் உள்ள படை எண்தான் மற்ற எல்லாக் கதவுகளுக்கும் சாவி. சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம், பார்த்த வேலை, நன்னடத்தை பற்றிய குறிப்பு, பெற்ற பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். உயரமும் உடல் அடையாளங்களும்கூட எழுதியிருப்பார்கள். தாத்தாவை நேரில் பார்த்திராத உங்கள் பிள்ளைகளுக்கு, அவருடைய வலது முழங்காலில் ஒரு தழும்பு இருந்தது என்பது அந்தக் காகிதத்தின் வழியாகத்தான் தெரியவரும்.

1939-இல் ஏறத்தாழ இரண்டு லட்சமாக இருந்த இந்திய ராணுவம் 1945-இல் 25 லட்சமாகப் பெருகியது, அதில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியியல் பிரிவு), சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), சர்வீஸ் கோர் (போக்குவரத்து, உணவு வழங்கல்), மருத்துவப் பிரிவு, பயனியர் கோர் (கட்டுமான உழைப்பு) என்று பல பிரிவுகளில் சிதறியிருந்தார்கள். பாலம் கட்டியவர், லாரி ஓட்டியவர், சமையல் செய்தவர், கம்பி இழுத்தவர் என்று அவர்களில் பலர் துப்பாக்கியை விடக் கருவியையே அதிகம் பிடித்தவர்கள். "எங்க தாத்தா சண்டை போடலை, ரோடுதான் போட்டார்" என்று சிலர் குறைவாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லாதீர்கள். 1944-இல் இத்தாலியில், உடனிருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் தம் உடலைக் கிடத்தி உயிர்விட்டு, பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த ஒரு சாப்பர்தான்.

சான்றிதழில் உள்ள பிரிவைப் பொறுத்து எழுத வேண்டிய இடம் மாறும். ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் தனி ஆவண அலுவலகம் இருக்கிறது, பேச்சு வழக்கில் ரெக்கார்ட் ஆபீஸ் என்பார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியின் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூர், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். எண், பெயர், தந்தை பெயர், சேர்ந்த ஆண்டு, உங்கள் உறவுமுறை ஆகியவற்றோடு சான்றிதழின் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். குறுகிய காலம் பணியாற்றி ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் கோப்புகள் இன்று இல்லாமல் போயிருக்கலாம், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாநில அரசு நிதியுதவி தந்து வருகிறது. உங்கள் பாட்டி அதைப் பெற்றிருந்தால், அவர் கொடுத்த விண்ணப்பமும் அதோடு இணைத்த நகல்களும் அங்கே ஒரு கோப்பில் இருக்கக்கூடும்.

போரில் திரும்பாதவர்களைத் தேடுவது சில வகையில் இதைவிட எளிது. உங்கள் தாத்தாவின் தம்பி ஒருவர் "பர்மாவிலேயே போய்விட்டார்" என்று நீங்கள் ஒரு வரியில் குறிப்பிட்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கப்பட்டது, இரு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பெயர்களை இணையத்தில் இலவசமாகத் தேடத் தருகிறது. உடல் கிடைக்காதவர்கள், பர்மாப் போர்முனையைப் பொறுத்தவரை, யாங்கோனுக்கு அருகிலுள்ள டவுக்கியான் மயானத்தின் ரங்கூன் நினைவுத் தூண்களில் இருக்கிறார்கள். அங்கே ஏறத்தாழ 27,000 பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்து, சீக்கிய வீரர்களைத் தகனம் செய்த இடங்களில் தனி நினைவுச் சின்னங்கள் உண்டு, கோகிமாவில் உள்ளதில் மட்டும் 917 பெயர்கள். சென்னையில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தின் பின்பகுதியில் முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. நான் அங்கே போகும்போதெல்லாம் புல்லை ஒழுங்காக வெட்டி, பெயர்களைப் படிக்கும்படி வைத்திருப்பதைப் பார்த்து நெகிழ்ந்திருக்கிறேன்.

தேடும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். அக்கால எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்தான் பதிவில் இருக்கும். முனுசாமி முனிஸ்வாமி ஆகியிருப்பார், பழனியின் ழகரம் எந்த எழுத்தாகவும் மாறியிருக்கும், ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். ஊரும் அப்படித்தான். வேலூர் என்று தேடினால் கிடைக்காதவர் நார்த் ஆற்காட் என்று தேடினால் கிடைப்பார், திருநெல்வேலிக்காரர் டின்னவெல்லியில் இருப்பார், திருச்சிக்காரர் ட்ரிச்சினாபொலியில் இருப்பார். அப்பா பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால் ஒழிய, பெயர் ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக இவர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் பட்டாளத்துக்குப் போன மாவட்டம் உங்களுடையது.

கடிதங்களை உறையிலிருந்து பிரித்தால் எந்த உறை எந்தக் கடிதத்துக்குரியது என்று குறித்துவையுங்கள். போர்க்காலக் கடிதத்தில் ஊர் பெயர் எழுத அனுமதி இல்லை, கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்த பிறகே அனுப்பினார்கள். ஆகவே உள்ளே "நான் சௌக்கியம், மழை அதிகம்" என்பதற்கு மேல் இல்லாமல் போகலாம். ஆனால் உறையின் மேல் உள்ள களத் தபால் நிலைய (படையோடு சென்ற ராணுவத் தபால் நிலைய) முத்திரையின் எண்ணும் தேதியும், அந்த நாளில் அவர் எங்கே இருந்தார் என்பதைக் கண்டுபிடிக்க உதவும். தபால்தலைக்காக யாராவது உறையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கடிதங்களை மடிப்பு நீக்கி, ஈரமில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று படாமல் இடையே வெள்ளைக் காகிதம் வைத்து அடுக்குங்கள். படிக்கும்போது வார்த்தைக்கு வார்த்தை உள்ளபடி தட்டச்சு செய்யுங்கள், எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். "லங்கர்" (சமையற்கூடம்), "ஜல்தி" (சீக்கிரம்), "சுட்டி" (விடுமுறை) என்று அவர் எழுதியிருந்தால், ஆற்காட்டுத் தமிழ் பேசி வளர்ந்த இளைஞன் பட்டாள இந்துஸ்தானியை எப்படித் தன் பேச்சோடு சேர்த்துக்கொண்டான் என்பதற்கு அந்தச் சொற்கள்தாம் சாட்சி.

ஸ்கேன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற அளவு), பாஸ்போர்ட் அளவுக்கு 1200, சேமிப்பது தரம் குறையாத டிஃப் கோப்பாக, உறவினருக்கு அனுப்ப ஜேபெக் பிரதி. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே ஸ்கேன் செய்யுங்கள், கறையும் மையும் பிரிந்து தெரியும். பின்புறத்தையும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஒன்று கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ என்று மூன்று பிரதிகள் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஒரே அலமாரியில் மூலப் படமும் அதன் சிடியும் சேர்ந்து நனைந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

மூலங்களைப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறைகளில் போட்டு, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பரணில் வெப்பம், தரையில் ஈரமும் கரையானும். பாச்சை உருண்டை படத்தோடு படக்கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள், இராமபாணப் பூச்சி வந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பெயர்களைப் படத்தின் பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். படம் யாரிடம் இருப்பது என்பதில் பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் வரும் என்று பயந்தால், எல்லோருக்கும் ஸ்கேன் பிரதி கொடுத்துவிட்டு, மூலத்தை எடுத்துப் பார்த்துப் பராமரிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறதோ அவரிடம் விடுங்கள். பதக்கத்தை ஆளுக்கொன்றாகப் பிரிக்காதீர்கள். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் ஒரு மனிதரின் பணி தெரியும்.

ஆரணிக்குப் போகும்போது அந்தச் சிறிய ஸ்டுடியோ படத்தையும் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். உங்கள் தாத்தாவின் தோளில் கைபோட்டு நிற்பவர் யார் என்று நீங்கள் கேள்வியில் கேட்கவேயில்லை, ஆனால் எனக்கு அதைக் கேட்கத் தோன்றுகிறது. சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் காசு கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்களாகவோ பக்கத்து ஊர்க்காரர்களாகவோ இருப்பார்கள். அவர் திரும்பி வந்தாரா என்பது தெரியாது. அவருடைய வீட்டில் இந்தப் படத்தின் இன்னொரு பிரதி இருந்ததா, இருந்து கரையான் தின்றதா என்பதும் தெரியாது. சின்னப் பாட்டிக்கு அவர் பெயரோ, ஊரோ, "அந்தக் கண்ணமங்கலத்துப் பையன்" என்கிற அளவுக்கு ஒரு குறிப்போ நினைவுக்கு வந்தால் உடனே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊருக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுப் பார்க்கலாம்.